புது ஆளுக்கு உயரமான இடம்

ஆலங்குளம் பக்கம் ஒரு பம்பு செட்டுத் தொட்டிக்குள் படுத்துத் தூங்கியிருக்கிறேன். தை மாதக் குளிர். தொட்டி காய்ந்து கிடந்தது. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், ஊதக்காற்று உள்ளே வராது, பகல் வெயில் குடித்த சூடு இன்னும் தரையில் இருந்தது. "இதைவிட நல்ல ரூம் எந்த லாட்ஜிலேயும் கிடையாதுலே" என்று என் மைத்துனனிடம் சொல்லிவிட்டுக் காலை நீட்டினேன். அப்போதெல்லாம் தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு ராத்திரியில்தான் வரும். விவசாயம் பார்க்கிற சம்சாரி சுவிட்சைப் போட்டுவிட்டே வீட்டுக்குப் போய்விடுவார். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடும். இது எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்து மோட்டாரில் பாதி என் கை பட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மோட்டார் எங்கே ஞாபகம் வரும்? நாலு அங்குலக் குழாய் என் நெஞ்சுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் அடித்த அடியில் எந்திரித்து உட்கார்ந்தபோது, மைத்துனன் தொட்டிக்கு வெளியே நின்றுகொண்டு, "அத்தான், சோப்பு தரட்டுமா?" என்று கேட்டான்.

படுக்கையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. மூணாப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரிக்குக் கிளீனராகப் போய், லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தே வளர்ந்த உடம்பு இது. பொறவு ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுமேல் சொந்தமாக டீசல் பட்டறை போட்டேன். யார் கையையும் பிடித்து வரவில்லை. இன்ஜின் நாலு தெரு தள்ளி வரும்போதே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தெல்லாம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

வாரத்தில் ஆறு நாள் பட்டறை. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை வரை முயல் வேட்டை. எண்பதுகளில் அது எங்களுக்குப் பைத்தியமாகவே இருந்தது. மலைப்பக்கம் போகமாட்டோம். சுந்தரபாண்டியம், மம்சாபுரம், ஆலங்குளம் என்று மானாவாரிக் காடுகள்தான். அதுவும் சட்டத்துக்கு ஆகாது என்று பிற்பாடு ஒரு அதிகாரி கூப்பிட்டு நல்ல வார்த்தையாகச் சொன்னார், விட்டுவிட்டோம். நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவியின் தம்பி, சுந்தரபாண்டியத்தில் ஆடு வைத்திருந்த ஒருவர். அந்த ஆட்டுக்காரருக்கு முயல் எந்தச் செடி மூட்டில் படுத்திருக்கும் என்பது அத்துப்படி. நாலாவதாக என் நாய், கன்னி ஜாதி வேட்டை நாய், கறுப்பு. நாலு பேரில் புத்திசாலி அதுதான் என்று ஆட்டுக்காரர் சொல்வார்.

முயலைத் துரத்துவது ஒன்றும் கஷ்டமில்லை. பொறவு எங்கே முதுகைச் சாய்ப்பது என்பதுதான் பாடு. ரோட்டுப் பாலத்துக்கு அடியில் குழாய்க்குள் படுத்திருக்கிறோம். காலை மடக்கினால் காலையில் நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும். ரோடு போடுகிற உருளை வண்டியின் சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறேன். ஒரு தடவை சுண்ணாம்புக்கல் பொடிக் குவியல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று விழுந்துவிட்டேன். விடிந்து வீட்டுக்குப் போனபோது என் நாயே என்னைப் பார்த்துக் குலைத்தது. கூட வந்த நாய் இல்லை, வீட்டில் கட்டிப்போட்ட இன்னொன்று.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. புதிதாக ஒருவர் வந்தால், இருக்கிறதிலேயே உயரமான இடம் அவருக்கு. இது சும்மா வந்த சட்டம் இல்லை. முதல் முதலாகக் கூட வந்த ஒரு துணிக்கடைக்காரரைத் தரையில் படுக்க வைத்தோம், தேள் கொட்டிவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அவரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினோம். அதோடு சரி. புது ஆளுக்கு டிராக்டர் பெட்டி, தண்ணீர்த் தொட்டி மேல்தளம், பஸ் ஸ்டாப்புக் கூரை, எது உயரமோ அது. பழைய ஆட்களைத் தேளே மதிக்காது என்பது ஆட்டுக்காரர் கணக்கு.

இந்தச் சட்டம்தான் என் மகள் கல்யாணத்தைக் கேரளாவுக்கு ஏற்றி அனுப்பப் பார்த்தது.

அது எண்பதுகளின் கடைசி. என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு இடம் வந்தது, நாலையும் வேண்டாம் என்றாள். ஒருத்தன் பேசும்போது தரையைப் பார்க்கிறானாம், இன்னொருத்தன் தரையைப் பார்க்கவே மாட்டேன் என்கிறானாம். ஐந்தாவதாக ஒரு ஸ்பின்னிங் மாஸ்டரின் மகன். பையன் டிப்ளமோ படித்துவிட்டு வேலையில் இருந்தான். என் மனைவி அடுப்படியில் இருந்து வந்து ரகசியமாகச் சொன்னாள்: "ஏங்க, பையன் போட்டோவை அவகிட்ட திருப்பிக் கேட்டா, அப்புறம் தாரேங்கா. நேத்துல இருந்து அப்புறம் தாரேங்கா." அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போகக் கூடாது.

ஆனால் மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சலவைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, அளந்து பேச்சு. மில்லில் அவர் நடந்து வந்தால் நூல் சுற்றுகிற கதிர்கள்கூடச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சுற்றும் என்பார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பூ வைத்து நிச்சயம் பண்ணலாம் என்று பெண்கள் பேசி வைத்திருந்தார்கள். வீடு பார்க்க வந்தபோது மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் ஆறு வார்த்தை பேசினார். படிப்பைப் பற்றி என்னால் பேச முடியாது. அதனால் வேட்டையைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ராத்திரி எங்கே தூங்குவீங்க?"

"நமக்கென்ன மாஸ்டர், பூமாதேவி அம்புட்டும் மெத்தைதான். ஒரு ராத்திரி எங்ககூடப் படுத்துப் பாருங்க, பொறவு வீட்டுக் கட்டில் பிடிக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இந்தச் சனிக்கிழமை நானும் வாரேன். வெள்ளிக்கிழமை பூ வைக்கதைப் பத்தி அதுக்குப் பொறவு பேசுவோம்."

அவர்கள் போனதும் என் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவிய ஃபேனுக்கு அடியில மெத்தையில படுக்கிறவிய. அவியளைக் கூட்டிட்டுப் போயி எந்தப் பொந்துக்குள்ள படுக்க வைக்கப் போறிய?"

"உசரமான இடமாப் பாத்துப் படுக்க வைக்கேன், நீ பேசாம இரு."

சனிக்கிழமை மாஸ்டர் வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் ஊதுகிற தலையணை, சால்வை, பிளாஸ்க். வேட்டை அன்றைக்கு அமோகம். மம்சாபுரத்துக்குக் கிழக்கே இரண்டு முயல். நாய் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மாஸ்டர், "பரவாயில்லையே" என்றார். ஆறு வார்த்தைக்காரர் ஒரு வார்த்தையைச் செலவழித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வழக்கமாக அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைக் கொட்டகையில் படுப்போம். அன்றைக்குப் போனால் கொட்டகை முழுக்கச் செங்கல். வெளியே தரை நனைந்த மாதிரி பனி. ராஜபாளையம் போகிற ரோட்டோரம் ஒரு வைக்கோல் லாரி நின்றது. அறுப்பு முடிந்த நேரம் அது. அந்த மாதத்தில் தினமும் பத்து இருபது வைக்கோல் லாரி செங்கோட்டை வழியாக மலையாளத்துக்குப் போகும். இந்த லாரிக்காரர் இன்ஜின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"வழி நெடுக நின்னு நின்னு வருது. மூணு மெக்கானிக் பாத்தாச்சு. ஒருத்தனுக்கும் பிடிபடல."

இதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியுமா, அதுவும் மாஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு? டார்ச்சை மைத்துனன் கையில் கொடுத்தேன். டீசல் லைனில் எங்கேயோ காற்று இழுக்கிறது, அது பார்த்ததும் தெரிந்தது. ஒரு நட்டு தேய்ந்து போயிருந்தது. துணியைக் கிழித்து, நூலைச் சுற்றி, இறுக்கி, காற்றை வெளியே எடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம். "மாஸ்டர், நான் கை வச்ச வண்டி நிக்காது" என்றேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். டிரைவருக்கு அசதி. ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "ஆறு மணிக்கு வெளிச்சம் வந்ததும் எடுக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கேபினுக்குள் படுத்து, செத்த நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் அந்த லாரி பாரத்தைவிட உயரமான இடம் இல்லை. உச்சியில் பாரம் ஏற்றுகிறவர்கள் உட்கார்வதற்கு நடுவில் குழி மாதிரி விட்டிருப்பார்கள். புது வைக்கோல், கதகதப்பு, தேள் இல்லை, பாம்பு இல்லை. ராஜாவுக்குக் கூட அப்படி ஒரு படுக்கை கிடைக்காது.

ஆட்டுக்காரர் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணாச்சி, கீழே சக்கரம் உள்ள இடம் வேண்டாம்."

"டிராக்டர் பெட்டிக்குச் சக்கரம் இல்லையா? ஆறு மணிக்குத்தான எடுப்பான். அதுக்குள்ள நாம நாலு தடவை எந்திரிச்சிருவோம்."

மாஸ்டர் செருப்பைக் கழற்றி, கோயில் வாசலில் விடுகிற மாதிரி பின்சக்கரத்துப் பக்கம் ஜோடியாக வைத்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருந்து நாங்கள் தாங்க, ஏறிவிட்டார். ஏறினதும் மேலே இருந்து, "நல்லா இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. எனக்கு அன்றைக்கே பூ வைத்த மாதிரி இருந்தது. செங்கல் அடுக்கில் சாக்கை விரித்து நானும் விழுந்தேன். டிரைவரை எழுப்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்திருக்கலாம். தூங்குகிற மனுஷனை எதற்கு எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் நாய் பயங்கரமாகக் குலைத்தது. எனக்கு அரைத் தூக்கம். "ஏ, சும்மா கெட, மாஸ்டர் தூங்குதாவ" என்று என் செருப்பை எடுத்து அதன் மேல் வீசினேன்.

விடியும்போது ஆட்டுக்காரர் என்னை உலுக்கினார். "அண்ணாச்சி, முயலு ரெண்டும் இருக்கு. நாய் இருக்கு. சம்மந்தியைத்தான் காணோம்."

ரோட்டுக்கு ஓடினேன். லாரி நின்ற இடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்த இரண்டு கல், கொஞ்சம் வைக்கோல், பக்கத்தில் மாஸ்டரின் செருப்பு ஜோடி. வைத்தது வைத்தபடி இருந்தது. அந்தப் பாரத்தின் உயரம் எனக்குத் தெரியும். வழியெல்லாம் புளியமரக் கிளை, குறுக்கே கரண்டுக் கம்பி. தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆள் எந்திரித்து நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மகள் முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

முயலையும் நாயையும் ஆட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, சூளைப் பக்கம் நிறுத்தியிருந்த என் பைக்கை எடுத்தேன். மைத்துனன் பின்னால் உட்கார்ந்து, மாஸ்டர் செருப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். ராஜபாளையம் தாண்டினோம். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சேத்தூரில் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"வைக்கோல் லாரி போச்சா?"

"விடியக்காலையில இருந்து ஒம்பது போச்சு. உங்களுக்கு எது வேணும்?"

"மேல ஒருத்தர் படுத்திருப்பாவ."

"எல்லாத்துலயும்தான் படுத்திருக்கான்."

சிவகிரியில் ஒரு டீக்கடை முன்னால் அஞ்சு லாரி வரிசையாக நின்றது. எல்லாம் ஒரே மாதிரி வைக்கோல் மலை. டிரைவர்கள் எங்கேயோ பல் விளக்கப் போயிருந்தார்கள். நான் கீழே நின்று, "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று கத்தினேன். மேலே ஒரு வைக்கோல்கூட அசையவில்லை.

"அத்தான், மாஸ்டர்னா மில்லுன்னு நினைச்சு எந்திரிக்க மாட்டாவ. சம்மந்தின்னு கூப்பிடுங்க."

அதுவரை அந்த வார்த்தையை அவர் முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. அந்த நடுரோட்டில் ஒவ்வொரு லாரியாகப் போய், "சம்மந்தி! ஏ சம்மந்தி!" என்று கூப்பிட்டேன். மூன்றாவது லாரி உச்சியில் மூன்று தலை முளைத்தது.

"அண்ணாச்சி, இங்க மூணு பேரு இருக்கோம். ஒருத்தனுக்கும் இன்னும் கல்யாணமே ஆகல. எங்களைப் போயி சம்மந்திங்கிய?"

டீக்கடை முழுக்கச் சிரிப்பு. மைத்துனனும் சிரித்தான். அவன் தலையில் ஒன்று போட்டு வண்டியில் ஏற்றினேன்.

வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர். மைத்துனன் பின்னால் இருந்து எனக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தான். "அத்தான், தப்பைத் தூக்கி டிரைவர் மேல போட்டிருவோம். ஆள் இருக்காருன்னு சொன்னோம், அவன்தான் மறந்துட்டான்னு சொல்லிருங்க." நல்ல யோசனையாகத்தான் பட்டது. புளியங்குடி வரும்போது அதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தென்காசி தாண்டி ஒரு கூரைக் கடை முன்னால் எங்கள் லாரி நின்றது. துணி சுற்றிய நட்டை முன்மூடி வழியாகவே மோப்பம் பிடிக்கிறவன் நான், எனக்குச் சந்தேகமே இல்லை. கடை பெஞ்சில் மாஸ்டர். வெறுங்காலோடு, தலை முழுக்க வைக்கோலோடு, கண்ணாடி மூக்கில் இருக்க, கையில் டீ. அவர் முன்னால் டிரைவர் மில் தொழிலாளி மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உயிரோடு முழுசாக அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர என் மூணாப்புப் படிப்பு போதாது.

டிரைவர் என்னிடம் ஓடிவந்தார். "அண்ணாச்சி, இவியளை மேல ஏத்தினது நீங்கதானா? சத்தியமா எனக்குத் தெரியாது. நாலு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சேன். வண்டி பிடிக்குதான்னு சும்மா ஒரு தட்டு தட்டினேன். நீங்க பாத்த வேலை அண்ணாச்சி, ஒரே தட்டுல பிடிச்சிருச்சு. இனிமே நிறுத்தினா திரும்பப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு, நிறுத்த மனசே வரல. அப்படியே எடுத்துட்டேன். இங்க டீக்கு ஓரங்கட்டின பொறவுதான் மேல ஆள் கத்துறது கேட்டுச்சு."

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவர்கிட்ட ஆள் இருக்குன்னு சொன்னீங்களா?"

மைத்துனன் என் சட்டையைப் பின்னால் இழுத்தான். அந்த டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் பொய் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் கிளீனராக இருந்து, முதலாளிமார் செய்த தப்புக்கு எம்புட்டோ ஏச்சு வாங்கியவன்.

"சொல்லல மாஸ்டர். தப்பு என் தப்புதான். இன்ஜினைச் சரி பண்ணிட்ட பெருமையில மத்தது ஞாபகத்துல இல்ல."

பட்டறை போட்ட நாளில் இருந்து என் வாயில் அந்த வார்த்தை வந்து மைத்துனன் கேட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். செருப்பை அவன்தான் துண்டில் இருந்து எடுத்துக் கீழே வைத்தான். மாஸ்டர் நிதானமாகக் காலை நுழைத்தார்.

"கல்யாணம் ஆகி என் மகன் உங்க வீட்டுக்கு வந்தா, எங்கே படுக்க வைப்பீங்க?"

"கீழே சக்கரம் இல்லாத இடமாப் பாத்துப் படுக்க வைக்கேன் மாஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். "பஸ் எப்போ?" என்றார்.

பைக்கை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு நான் அவரோடு பஸ்ஸில் ஏறினேன். கடையநல்லூர் வருவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. நான் அசையவில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டருக்கு இடது கையால் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். புளியங்குடியில் தோள் மரத்தது, சிவகிரியில் முழங்கை வரை போய்விட்டது. எத்தனையோ இடத்தில் நான் படுத்திருக்கிறேன்; இன்னொருத்தருக்கு நானே படுக்கையாக இருந்தது அன்றைக்குத்தான். ராஜபாளையத்தில் எழுந்து, சட்டையை உதறி, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த வாரம் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மைத்துனனுக்கு வாயை மூட தினமும் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பெண்கள் வீட்டை மெழுகுகிறார்கள், தட்டு விளக்குகிறார்கள், மகள் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பட்டறையில் எந்த இன்ஜின் சத்தமும் எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணி என்று பேச்சு. பதினொன்றே கால் ஆயிற்று, யாரும் இல்லை. தெருமுனைக்கு நாலு தடவை போய் வந்தேன். "என்ன, லாரி எதுவும் வருதான்னு பாக்கியளா அத்தான்?" என்று மைத்துனன் கேட்டான்.

பதினொன்றரைக்கு வேன் வந்தது. மாஸ்டர், அவர் மனைவி, பையன், பூத்தட்டோடு ஏழெட்டுப் பெண்கள். மாஸ்டர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, என் மனைவியைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் என்னை எங்கே தூங்க வச்சார்னு சொன்னாரா?" என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த ஆறு வார்த்தைக்காரர் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினார். சிவகிரி பக்கம் முழிப்பு வந்ததாம், மேலே நட்சத்திரமெல்லாம் ஒரே பக்கமாக ஓடியதாம், தனக்குத் தலைசுற்றல் என்று நினைத்தாராம். ஒவ்வொரு புளியமரமும் குனிந்து தடவிவிட்டுப் போனதாம். கம்பி வரும்போதெல்லாம் மல்லாந்து படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டாராம். கத்திப் பார்த்தாராம், எதிரே வந்த வைக்கோல் லாரிக்காரன் வணக்கம் வைத்துவிட்டுப் போனானாம். கம்பியின் எண்ணிக்கையை அவர் கூட்டிக்கொண்டே போனது எனக்குத் தெரிந்தது. ஊடே புகுந்து, டீசல் லைன் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப் பார்த்தேன். "செத்த நேரம் சும்மா இருங்க சம்மந்தி" என்று கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

அவர் சம்மந்தி என்றதை என் மனைவி கவனித்துவிட்டாள். பூத்தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். மகளை நடுவில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் மனைவி பூவைக் கையில் எடுத்தார். மகள் உதட்டைக் கடித்து, தலை குனிந்து, சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தோள் குலுங்கியது, பொறவு சத்தம் போட்டே சிரித்துவிட்டாள். பூ ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவரோரம் நின்ற பையனும் சிரித்தான்.

மாஸ்டரின் அக்கா மட்டும் மோவாயில் கை வைத்தார்கள். "ஏட்டி, பூ வைக்கையில இப்படியா பல்லைக் காட்டுத? தலையை அசைக்காம இருட்டி!"

"நீங்க வையுங்க மதினி" என்று பூவோடு நின்ற மாஸ்டர் மனைவியிடம் சொன்னாள் என் மனைவி, அவளும் சிரித்துக்கொண்டு. "அவ தலையை நான் பிடிச்சுக்கிடுதேன்."